நிரந்தர வதிவாளரின் வாழ்க்கைத்துணைக்கான குடிவரவு (ஐக்கிய அமெரிக்கா)

நிரந்தர வதிவாளரின் வாழ்க்கைத்துணைக்கான குடிவரவு என்பது, ஐக்கிய அமெரிக்காவில் நிரந்தர வதிவுரிமை பெற்று, ஆனால் இன்னும் குடியுரிமை பெறாமல் வாழும் ஒருவரின் கணவரோ மனைவியோ அதே வதிவுரிமையைப் பெறுவதற்கு அந்நாட்டுச் சட்டம் வகுத்துள்ள வழிகளைக் குறிக்கும். நிரந்தர வதிவுரிமைக்கான அடையாள அட்டை பேச்சுவழக்கில் பச்சை அட்டை அல்லது கிரீன் கார்டு எனப்படுகிறது. குடும்ப அடிப்படையிலான குடிவரவில் இவ்வகை விண்ணப்பங்கள் எஃப்2ஏ என்னும் முன்னுரிமைப் பிரிவில் அடங்கும்.

அமெரிக்கக் குடிமகன் ஒருவரின் மனைவிக்கு விசா எண்ணிக்கையில் வரம்பு கிடையாது. நிரந்தர வதிவாளரின் மனைவிக்கோ ஆண்டு வரம்பு உண்டு. எனவே அவர் வரிசையில் காத்திருக்க வேண்டும். இக்காத்திருப்பு காலத்துக்கேற்ப மாறி வந்துள்ளது. சில ஆண்டுகளில் அது முற்றிலும் இல்லாமல் இருந்தது. வேறு சில ஆண்டுகளில் ஐந்து ஆண்டுகளையும் தாண்டியது. ஒருவருடைய திருமணம் அவர் நிரந்தர வதிவுரிமை பெற்ற நாளுக்கு முன்னர் நடந்ததா, பின்னர் நடந்ததா என்பதே அவருடைய துணை எந்த வழியில் செல்ல வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஒருநாள் வேறுபாடுகூடப் பல ஆண்டுகள் பிரிந்து வாழும் நிலைக்கு இட்டுச்செல்லக்கூடும்.

வரலாறு

1924 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் நாடுவாரியான ஒதுக்கீட்டை நிலைநாட்டியபோது, அமெரிக்கக் குடிமக்களின் மனைவியரை ஒதுக்கீட்டுக்கு வெளியே வைத்தது. குடியுரிமை பெறாது அங்கே சட்டப்படி வாழ்ந்தோரின் மனைவியருக்கு அச்சலுகை இல்லை. 1928 இல் செய்யப்பட்ட ஒரு திருத்தம் அவர்களுக்கு ஒதுக்கீட்டுக்கு உள்ளேயே ஒரு முன்னுரிமையை வழங்கியது. 1952 ஆம் ஆண்டின் குடிவரவு மற்றும் குடியுரிமைச் சட்டம் 'மனைவி' என்பதற்குப் பதிலாகக் கணவர், மனைவி இருவரையும் குறிக்கும் சொல்லைக் கையாண்டு, நிரந்தர வதிவாளரின் துணைக்கும் பிள்ளைகளுக்கும் ஒவ்வொரு நாட்டின் ஒதுக்கீட்டிலும் 20 விழுக்காட்டை மூன்றாவது முன்னுரிமையாக அளித்தது. ஆனால் அக்காலத்தில் இந்தியாவுக்கான மொத்த ஒதுக்கீடே ஆண்டுக்கு 100 பேர் மட்டுமே. எனவே தெற்காசியர்களைப் பொறுத்தவரை இந்த முன்னுரிமை பெரும்பாலும் ஏட்டளவில் இருந்தது.

1965 ஆம் ஆண்டு அக்டோபர் 3 அன்று குடியரசுத் தலைவர் லின்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் நாடுவாரி ஒதுக்கீட்டை நீக்கியது. நிரந்தர வதிவாளரின் துணையும் மணமாகாப் பிள்ளைகளும் இரண்டாவது முன்னுரிமைக்கு உயர்த்தப்பட்டனர். இன்றும் இப்பிரிவின் பெயரில் உள்ள '2' என்னும் எண் அதன் எச்சமே. தமிழ் மருத்துவர்களும் பொறியியலாளர்களும் கணிசமான எண்ணிக்கையில் அமெரிக்கா செல்லத் தொடங்கியதும் இச்சட்டத்துக்குப் பின்னரே.

இப்பிரிவில் நெடிய காத்திருப்பு உருவானதற்கு 1986 ஆம் ஆண்டின் குடிவரவுச் சீர்திருத்தச் சட்டம் முக்கிய காரணமாகும். அச்சட்டத்தின்கீழ் முறையான ஆவணமின்றி வாழ்ந்த சுமார் 27 இலட்சம் பேர் வதிவுரிமை பெற்றனர். அவர்கள் தத்தம் துணைக்கும் பிள்ளைகளுக்கும் மனுச் செய்தபோது, ஆண்டு வரம்பு அந்த எண்ணிக்கையைத் தாங்கவில்லை. 1990 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் இரண்டாவது முன்னுரிமையை இரண்டாகப் பிரித்தது. துணையும் 21 வயதுக்குட்பட்ட மணமாகாப் பிள்ளைகளும் எஃப்2ஏ ஆயினர். 21 வயதைக் கடந்த மணமாகாப் பிள்ளைகள் எஃப்2பி ஆயினர்.

பார்பரா ஜோர்டன் தலைமையில் இயங்கிய குடிவரவுச் சீர்திருத்த ஆணையம் 1995 இல் வெளியிட்ட அறிக்கையில், உடன்பிறந்தோர் போன்ற தொலைவான உறவுப் பிரிவுகளை நீக்கி, அவ்விடங்களைக் கொண்டு நிரந்தர வதிவாளரின் துணை, சிறுபிள்ளைகள் ஆகியோரின் தேக்கத்தைத் தீர்க்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. இது சட்டமாகவில்லை. 2013 ஆம் ஆண்டு சூன் மாதம் செனட் அவை 68–32 என்ற வாக்குகளில் நிறைவேற்றிய விரிவான குடிவரவுச் சட்டவரைவு, எஃப்2ஏ பிரிவினரை வரம்பற்ற 'உடனடி உறவினர்' வகைக்கு மாற்ற முன்மொழிந்தது. கீழவை அதனை வாக்கெடுப்புக்கே எடுத்துக்கொள்ளவில்லை. 2021 இல் கொண்டுவரப்பட்ட மற்றொரு சட்டவரைவிலும் இதே மாற்றம் இடம்பெற்றிருந்தது, அதுவும் நிறைவேறவில்லை. இரண்டுமே ஆவணமற்றோருக்கு வதிவுரிமை வழங்குதல் போன்ற பெரும் சர்ச்சைக்குரிய கூறுகளையும் கொண்டிருந்தன. அதிக எதிர்ப்பில்லாத இந்தச் சிறு மாற்றம் அவற்றோடு சேர்ந்தே மூழ்கியது எனலாம்.

ஆண்டு வரம்பு

இரண்டாவது முன்னுரிமைக்கு ஆண்டுக்கு 1,14,200 விசாக்கள் அடிப்படையாக ஒதுக்கப்படுகின்றன. இவற்றில் குறைந்தது 77 விழுக்காடு, அதாவது சுமார் 87,900, எஃப்2ஏ பிரிவுக்கு உரியது. இவ்வெண்ணிக்கையில் துணை மட்டுமன்றிப் பிள்ளைகளும் அடங்குவர்.

பொதுவாக எந்தவொரு நாட்டைச் சேர்ந்தவர்களும் மொத்த முன்னுரிமை விசாக்களில் 7 விழுக்காட்டுக்கு மேல் பெற இயலாது. எஃப்2ஏ பிரிவில் நான்கில் மூன்று பங்கு விசாக்களுக்கு இந்த நாட்டு வரம்பு பொருந்தாது. இதனால் வேலைவாய்ப்பு அடிப்படையிலான பிரிவுகளில் பத்தாண்டுகளுக்கும் மேலாகக் காத்திருக்கும் இந்தியர்கள், எஃப்2ஏ பிரிவில் மட்டும் பெரும்பாலான பிற நாட்டினரோடு ஒரே வரிசையில் நிற்கின்றனர். மெக்சிக்கோவுக்கு மட்டும் சில காலங்களில் தனியான, மேலும் பின்தங்கிய நாள் அறிவிக்கப்பட்டுள்ளது.

முன்னுரிமை நாளும் காத்திருப்பும்

நிரந்தர வதிவாளர் தம் துணைக்காக ஐ-130 என்னும் மனுவைக் குடியுரிமை மற்றும் குடிவரவுச் சேவைத் துறையிடம் அளிக்கிறார். அம்மனு பெறப்பட்ட நாளே 'முன்னுரிமை நாள்' ஆகும். மனு ஏற்கப்பட்டதனால் மட்டும் விசா கிடைத்துவிடாது. வெளியுறவுத் திணைக்களம் மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டினில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நாள் குறிக்கப்படும். அந்நாளுக்கு முந்தைய முன்னுரிமை நாளை உடையவர்களே விசா பெறத் தகுதியானவர்கள். வரிசையே இல்லாத நிலையில் நாளுக்குப் பதிலாக 'நடப்பில் உள்ளது' என்பதைக் குறிக்கும் எழுத்து இடம்பெறும். 2015 ஆம் ஆண்டு அக்டோபர் முதல் இரண்டு அட்டவணைகள் வெளியிடப்படுகின்றன. ஒன்று விசா வழங்கப்படும் நாளையும், மற்றொன்று ஆவணங்களை முன்கூட்டி அளிக்கத்தக்க நாளையும் காட்டும். இரண்டையும் குழப்பிக்கொள்வது மிகப் பரவலான தவறாகும்.

இந்நாள் சீராக முன்னேறுவதில்லை. 2000களின் நடுப்பகுதியில் எஃப்2ஏ காத்திருப்பு நான்கு முதல் ஆறு ஆண்டுகளாக இருந்தது. 2013 ஆம் ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் பிரிவு நடப்புக்கு வந்து, மீண்டும் பின்தங்கியது. 2019 சூலை முதல் 2023 மார்ச்சு வரை தொடர்ந்து நடப்பில் இருந்தது. 2023 ஏப்ரலில் திடீரென 2020 செப்டம்பருக்குப் பின்வாங்கியது. 2024 இறுதியில் இடைவெளி ஏறத்தாழ மூன்று ஆண்டுகளாக இருந்தது. நாள் முன்னேறுவதோடு சிலவேளை பின்னோக்கியும் செல்லும் என்பதால், இன்று தெரியும் இடைவெளியை மட்டும் வைத்து ஒருவர் தம் காத்திருப்பைக் கணக்கிடுவது சரியாக அமைவதில்லை.

திருமண நாளின் முதன்மை

நிரந்தர வதிவுரிமை பெறும் நாளில் ஒருவர் ஏற்கெனவே மணமானவராக இருந்தால், அவருடைய துணை எஃப்2ஏ வரிசைக்குச் செல்ல வேண்டியதில்லை. வேலைவாய்ப்பு, உடன்பிறந்தோர் போன்ற முன்னுரிமைப் பிரிவுகளில் முதன்மை விண்ணப்பதாரரின் துணை 'சார்பு விண்ணப்பதாரர்' ஆவார். அவருக்குத் தனி மனு தேவையில்லை. முதன்மை விண்ணப்பதாரரின் முன்னுரிமை நாளே அவருக்கும் உரியது. இருவரும் ஒன்றாகச் செல்லலாம். அல்லது துணை பின்னர் வந்து சேரலாம். பின்னர் வந்து சேர்வதற்குக் கால எல்லை இல்லை. திருமணம் நிலைத்திருப்பதும், முதன்மை விண்ணப்பதாரர் இன்னும் நிரந்தர வதிவாளராகவே இருப்பதும், விசா வழங்கும் வேளையில் அந்த முன்னுரிமை நாள் நடப்பில் இருப்பதும் போதுமானவை. முதன்மை விண்ணப்பதாரர் அமெரிக்காவிலேயே நிலை மாற்றம் பெற்றவராயின், ஐ-824 என்னும் படிவத்தின் வழியாக வெளிநாட்டிலுள்ள தூதரகத்துக்குத் தகவல் அனுப்பப்படுகிறது. அகதித் தஞ்சம் பெற்றவர்களுக்கும் இதனையொத்த விதி உண்டு. தஞ்சம் வழங்கப்பட்ட நாளில் இருந்த துணைக்காக இரண்டு ஆண்டுகளுக்குள் ஐ-730 மனு அளிக்கலாம். அதற்கு ஆண்டு வரம்பு இல்லை. இலங்கையிலிருந்து தஞ்சம் கோரிச் சென்ற தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்விதி முக்கியமானது.

வதிவுரிமை பெற்ற பின்னர் மணம் செய்தவரின் துணைக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. அவருக்கு உள்ளது எஃப்2ஏ வரிசை மட்டுமே.

இதனால் ஏற்படும் முரண்பாடு விந்தையானது. ஒரே நிறுவனத்தில் பணிபுரியும் இரு மென்பொருள் பொறியாளர்களை எடுத்துக்கொள்வோம். ஒருவர் எச்-1பி என்னும் தற்காலிகப் பணி விசாவில் இருக்கிறார். மற்றவர் பச்சை அட்டை பெற்றுவிட்டார். இருவரும் ஒரே மாதத்தில் ஊருக்குச் சென்று மணம் செய்கின்றனர். எச்-1பி விசாவில் உள்ளவரின் மனைவி எச்-4 விசா பெற்றுச் சில வாரங்களில் அல்லது மாதங்களில் கணவரோடு சேர்ந்துவிடலாம். நாட்டில் நிலையாக வாழும் உரிமை பெற்றவரின் மனைவியோ ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தற்காலிகமாக வந்தவருக்குச் சட்டம் அளிக்கும் குடும்ப வாழ்வை நிரந்தரமாகத் தங்குபவருக்கு அளிக்கவில்லை என்பதே இவ்விதி குறித்த முதன்மையான குறைகூறல் ஆகும்.

வதிவுரிமை விண்ணப்பம் எந்நாளில் ஏற்கப்படும் என்பது விண்ணப்பதாரரின் கையில் இல்லை என்பது இதனை மேலும் சிக்கலாக்குகிறது. 2007 ஆம் ஆண்டு சூலை மாதத்துக்கான விசா புல்லட்டின் ஏறத்தாழ எல்லா வேலைவாய்ப்புப் பிரிவுகளையும் நடப்பில் உள்ளதாக அறிவித்தது. சூலை 2 அன்று அவ்வறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. இதனை எதிர்த்து விண்ணப்பதாரர்கள், பெரும்பாலும் இந்தியர்கள், காந்திய வழியில் குடிவரவுத் துறையின் தலைவருக்கு மலர்க்கொத்துகளை அனுப்பினர். அவை இராணுவ மருத்துவமனைக்குத் திருப்பிவிடப்பட்டன. சூலை 17 அன்று முதல் அறிவிப்பு மீட்கப்பட்டு, ஆகஸ்டு 17 வரை விண்ணப்பங்கள் ஏற்கப்பட்டன. அவ்வேளையில் மணமாகாமல் விண்ணப்பித்தவர்களுக்கு ஓர் இக்கட்டு இருந்தது. பச்சை அட்டை கைக்கு வருமுன் மணம் முடிந்திருக்க வேண்டும். அது எப்போது வரும் என்று யாராலும் கூற இயலாது. பெண் பார்த்து, சாதகம் பொருத்தி, ஆடி கழிந்து, தை பிறந்து முகூர்த்தம் குறிக்கும் குடும்பங்களின் நாட்காட்டியும் விசா புல்லட்டினின் நாட்காட்டியும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.

இவ்விடத்தில் கருதப்படுவது சட்டப்படி நடந்த திருமணம் மட்டுமே. நிச்சயதார்த்தம் கணக்கில் கொள்ளப்படாது. எனவே சிலர் சடங்குடன் கூடிய திருமணத்துக்கு முன்னரே பதிவுத் திருமணம் செய்துகொள்வதுண்டு.

காத்திருக்கும் காலத்தில் சேர்ந்து வாழ்தல்

மனு நிலுவையில் இருக்கும்போது துணை அமெரிக்காவுக்குச் செல்வது எளிதன்று. சுற்றுலா விசாவோ மாணவர் விசாவோ கோருபவர் குடியேறும் எண்ணம் உடையவர் என்றே சட்டம் முதலில் கருதுகிறது. அவ்வாறு இல்லை என விண்ணப்பதாரரே மெய்ப்பிக்க வேண்டும். கணவர் அங்கே நிரந்தரமாக வாழ, குடியேறுவதற்கான மனுவும் நிலுவையில் இருக்கும் ஒருவர் இதனை மெய்ப்பிப்பது அரிது. எச்-1பி, எல்-1 ஆகிய பணி விசாக்களுக்கு இத்தடை இல்லை. ஆகவே தம் சொந்தத் தகுதியில் பணி விசா பெறக்கூடிய துணைக்கு அதுவே நடைமுறையில் பயன்படும் வழியாகும்.

மாறாக, நிரந்தர வதிவாளர் தாயகத்துக்குச் சென்று துணையுடன் வாழலாமே என்ற கேள்வி எழலாம். அவர் ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கினால் வெறும் பச்சை அட்டையைக் கொண்டு திரும்ப இயலாது. முன்கூட்டியே மறுநுழைவு அனுமதி பெற்றால் இரண்டு ஆண்டுகள் வரை வெளியில் இருக்கலாம். ஆனால் ஒரே பயணத்தில் ஆறு மாதங்களுக்கு மேல் வெளியில் இருந்தால் குடியுரிமைக்குத் தேவையான தொடர் வதிவு முறிந்ததாகக் கருதப்படக்கூடும். துணையோடு சேர்வதற்கு விரைவான வழியாகக் குடியுரிமையை எதிர்நோக்கும் ஒருவர், துணையோடு வாழச் சென்றால் அக்குடியுரிமையே தள்ளிப்போகும்.

இந்த இடர்ப்பாட்டுக்கு அமெரிக்க நாடாளுமன்றம் ஒருமுறை தீர்வு கண்டது. 2000 ஆம் ஆண்டு டிசம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம் 'வி' விசா என்னும் புதிய வகையை உருவாக்கியது. மூன்று ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருக்கும் எஃப்2ஏ பயனாளிகள் இதனைக்கொண்டு அமெரிக்காவுக்கு வந்து, பணிபுரிந்தபடியே தங்கள் முறைக்காகக் காத்திருக்கலாம். ஆனால் அந்நாளில் அல்லது அதற்கு முன் மனு அளிக்கப்பட்டவர்களுக்கே இது பொருந்தும். 2000 டிசம்பர் 22 அன்று மனு அளித்தவருக்கு இல்லை. அத்தேதி பின்னர் நீட்டிக்கப்படவில்லை. இதே சட்டம் உருவாக்கிய கே-3 விசாவும், பழைய கே-1 வருங்காலத் துணை விசாவும் அமெரிக்கக் குடிமக்களின் துணைக்கு மட்டுமே உரியவை.

இருவகை நடைமுறைகள்

முறை வந்ததும் துணை வெளிநாட்டில் இருந்தால், கோப்பு நியூ ஹாம்ப்சயர் மாநிலத்தின் போர்ட்சுமத்தில் உள்ள தேசிய விசா மையத்தின் வழியாகத் தூதரகத்துக்குச் செல்லும். மருத்துவச் சோதனை, காவல்துறைச் சான்றிதழ், நேர்காணல் ஆகியவற்றுக்குப் பின் குடிவரவு விசா வழங்கப்படும்.

துணை அமெரிக்காவிலேயே முறையான விசாவில் இருந்தால், நாட்டைவிட்டு வெளியேறாமல் ஐ-485 விண்ணப்பத்தின் மூலம் நிலை மாற்றம் பெறலாம். இங்கும் குடிமகனின் துணைக்கும் வதிவாளரின் துணைக்கும் வேறுபாடு உண்டு. முறைப்படி நுழைந்த குடிமகனின் மனைவி விசாக் காலம் முடிந்த பின்னரும் நிலை மாற்றம் கோரலாம். வதிவாளரின் மனைவி விண்ணப்பிக்கும் நாள்வரை சட்டபூர்வ நிலையை இடைவிடாது பேணியிருக்க வேண்டும். காலங்கடந்து தங்கியவர், 180 நாட்களைத் தாண்டியபின் வெளியேறினால் மூன்று ஆண்டுகளும், ஓராண்டைத் தாண்டியபின் வெளியேறினால் பத்து ஆண்டுகளும் மீண்டும் நுழைய இயலாது. 2019–2023 காலத்தில் பிரிவு நடப்பில் இருந்தபோது ஐ-130, ஐ-485 இரண்டையும் ஒருசேர அளிக்க முடிந்தது. பணி அனுமதியும் விண்ணப்ப நிலுவையிலேயே கிடைத்ததால், அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த பலருக்கு இது பெரும் வாய்ப்பாயிற்று.

திருமணத்தின் செல்லுபடி

திருமணம் நடந்த இடத்தின் சட்டப்படி அது செல்லுபடியானதா என்பதே அடிப்படை அளவுகோல். தமிழ்நாட்டில் 1967 ஆம் ஆண்டின் திருத்தத்தால் சட்ட ஏற்புப் பெற்ற சுயமரியாதைத் திருமணமும் இவ்வகையில் அடங்கும். 2009 ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்யக் கட்டாயமாக்கியுள்ளது. தூதரகம் கேட்பது இப்பதிவுச் சான்றிதழையே. தமிழரிடையே வழக்கிலுள்ள அக்காள் மகளை மணத்தல் போன்ற நெருங்கிய உறவுத் திருமணங்களில், தம்பதியர் வாழவிருக்கும் அமெரிக்க மாநிலத்தின் சட்டமும் கருத்தில் கொள்ளப்படலாம். மணமக்களில் ஒருவர் நேரில் இல்லாமல் நடத்தப்பட்ட திருமணம், பின்னர் அவர்கள் சேர்ந்து வாழ்ந்தால் ஒழிய ஏற்கப்படாது. 2013 இல் உச்ச நீதிமன்றம் வின்ட்சர் வழக்கில் அளித்த தீர்ப்புக்குப் பின் ஒருபால் இணையரின் திருமணங்களும் இதே முறையில் ஏற்கப்படுகின்றன.

திருமணம் குடிவரவுக்காக மட்டும் செய்யப்பட்ட போலித் திருமணம் அன்று என்பதையும் காட்ட வேண்டும். திருமணத்தின் வழியாகவே வதிவுரிமை பெற்ற ஒருவர், பின்னர் மணமுறிவு பெற்று மறுமணம் செய்தால், ஐந்து ஆண்டுகள் முடியும்வரை புதிய துணைக்கு எளிதில் மனு அளிக்க முடியாது. முந்தைய திருமணம் உண்மையானது என்பதைத் தெளிவான சான்றுகளால் நிறுவினாலோ, முந்தைய துணை இறந்துபோயிருந்தாலோ மட்டுமே இதற்கு விலக்கு உண்டு.

பொருளாதாரப் பொறுப்பு

1996 ஆம் ஆண்டின் சட்டப்படி மனுதாரர் ஐ-864 என்னும் ஆதரவு உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். அவருடைய வருமானம் கூட்டரசு வறுமைக்கோட்டின் 125 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். 2025 ஆம் ஆண்டின் அளவீட்டில் இருவர் கொண்ட குடும்பத்துக்கு இது ஏறத்தாழ 26,400 டாலர் ஆகும். வருமானம் போதாதெனில் வேறொருவர் இணைப் பொறுப்பாளராகலாம். நண்பருக்காகக் கையெழுத்திடுவோர் கவனிக்க வேண்டியது, இப்பொறுப்பு மணமுறிவால் முடிவதில்லை என்பது. பயனாளி குடியுரிமை பெறுதல், 40 காலாண்டுப் பணிக்கணக்கை எட்டுதல், வதிவுரிமையைக் கைவிட்டு நாட்டைவிட்டு நிலையாக வெளியேறுதல், இறத்தல் ஆகியவற்றால்தான் அது முடியும்.

மனுதாரர் குடியுரிமை பெறும்போது

நிரந்தர வதிவாளர் பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்குப் பின் குடியுரிமை பெறலாம். அதற்கு 90 நாட்கள் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். அவர் குடியுரிமை பெற்றதும் எஃப்2ஏ மனு தானாகவே குடிமகனின் துணைக்கான மனுவாக மாறிவிடும். வரிசை அக்கணமே இல்லாமல் போகும். குடியுரிமைச் சான்றிதழின் படியை அனுப்பினால் போதும். காத்திருப்பு ஐந்து ஆண்டுகளாக இருந்த காலத்தில் பலருக்கு முறை வந்தது வரிசையால் அன்று, இம்மாற்றத்தால்தான்.

இம்மாற்றத்தில் ஓர் ஆபத்து உண்டு. எஃப்2ஏ பிரிவில் தாயின் மனுவிலேயே பிள்ளையும் சார்பாக அடங்கும். குடிமகனின் துணைக்கான பிரிவில் சார்பு விண்ணப்பதாரர் என்ற கருத்தே இல்லை. எனவே ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே ஐ-130 அளிக்கப்பட வேண்டும். இதனை அறியாது, தாய்க்கு விசா கிடைத்தும் பிள்ளைக்குக் கிடைக்காமல் போகலாம். 2002 ஆம் ஆண்டின் குழந்தை நிலைக் காப்புச் சட்டம், காத்திருப்பில் 21 வயதைக் கடக்கும் பிள்ளைகளுக்கு ஓரளவு பாதுகாப்பு அளிக்கிறது.

குடியுரிமை பெறுதல் எல்லோருக்கும் ஒரே விலை உடையதன்று. இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை; அமெரிக்கக் குடியுரிமை பெறுபவர் இந்தியக் குடியுரிமையை இழக்கிறார். வாக்குரிமை இல்லாத வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டை மட்டுமே அவருக்குக் கிடைக்கும். இலங்கை, விண்ணப்பத்தின் பேரில் இரட்டைக் குடியுரிமையை வழங்குகிறது.

நிபந்தனைக்குட்பட்ட வதிவுரிமை

1986 ஆம் ஆண்டின் திருமண மோசடித் திருத்தங்களின்படி, வதிவுரிமை பெறும் நாளில் திருமணம் நடந்து இரண்டு ஆண்டுகள் நிறைவடையவில்லையெனில், துணைக்கு இரண்டு ஆண்டுகளுக்கான நிபந்தனைக்குட்பட்ட வதிவுரிமையே வழங்கப்படும். அது முடிவடைவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் இருவரும் இணைந்து ஐ-751 அளித்து நிபந்தனையை நீக்க வேண்டும். மணமுறிவு, வன்முறை, கடும் இடர்ப்பாடு ஆகிய நிலைகளில் துணை தனியாகவும் அளிக்கலாம். எஃப்2ஏ வரிசை நீண்டிருக்கும்போது விசா கிடைப்பதற்குள் இரண்டு ஆண்டுகள் கடந்துவிடுவதால், பெரும்பாலோருக்கு இந்நிபந்தனை எழுவதில்லை. சார்பு விண்ணப்பதாரராக வேலைவாய்ப்புப் பிரிவில் வந்தவருக்கு இது அறவே பொருந்தாது.

வன்முறையும் மனுதாரரின் இறப்பும்

மனு கணவரின் கையில் இருப்பதால், அதனைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அச்சுறுத்தும் அதிகாரமும் அவர் கையில் இருக்கிறது. 1994 ஆம் ஆண்டின் பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டம் இதற்கு மாற்று வழி செய்தது. நிரந்தர வதிவாளரான துணையால் கொடுமைக்கு உள்ளானவர், அவருடைய ஒப்புதலோ அறிதலோ இன்றி, ஐ-360 படிவத்தில் தாமே மனு அளிக்கலாம். மணமுறிவுக்குப் பின்னும், அது கொடுமையோடு தொடர்புடையதாயின், இரண்டு ஆண்டுகளுக்குள் அளிக்கலாம். பெயர் பெண்களைக் குறித்தாலும் ஆண்களும் இதனைப் பயன்படுத்தலாம். கணவருக்கு இம்மனு பற்றிய செய்தியைத் தெரிவிக்கக் குடிவரவுத் துறைக்கு அனுமதியில்லை.

மனுதாரர் இறந்துவிட்டால் நிலை வேறு. குடிமகனின் கைம்பெண் இரண்டு ஆண்டுகளுக்குள் தாமே மனு அளிக்கலாம். வதிவாளரின் கைம்பெண்ணுக்கு அவ்வுரிமை இல்லை. 2009 அக்டோபரில் இயற்றப்பட்ட ஒரு விதி, கணவர் இறந்தபோது அமெரிக்காவில் வதிந்திருந்த பயனாளியின் நிலுவை மனுவைத் தொடர அனுமதிக்கிறது. வெளிநாட்டில் காத்திருந்தவரைப் பொறுத்தவரை, ஏற்கப்பட்ட மனு இறப்போடு இரத்தாகும். மனிதநேய அடிப்படையில் அதனை மீட்குமாறு கேட்கலாம், ஆனால் அதனை வழங்குவது அதிகாரியின் விருப்பத்துக்கு உட்பட்டது. வரிசை நீண்டிருந்த காலத்தில் ஊரிலேயே காத்திருந்த துணைவியர் இவ்விதியின் பயனுக்கு வெளியே உள்ளனர்.